நூற்றுக்கு இருபத்தெட்டு நீலம்

மேற்பார்வையாளர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வேலை செய்யாதவர்களை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர் நீலக்கா. ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இருபத்திரண்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முதிர்ந்து போன செல்களை எண்ணி வருகிறார். ஒரு சாயத்தை ஊற்றினால் முதிர்ந்தவை நீலமாகும், மற்றவை நிறமில்லாமல் கிடக்கும். பெயர் அப்படி வந்ததுதான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

உடம்பின் செல் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஓர் அளவுக்கு மேல், அல்லது பலமாக அடிபட்டால், போதும் என்று நிறுத்திக்கொள்ளும். அது நல்லதுதான். அடிபட்ட செல் நிற்காமல் பெருகினால் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். நின்றவற்றை உடம்பே கூட்டி வெளியே தள்ளும். வயதானால் கூட்டுகிற ஆள் சோம்பேறியாகிவிடுகிறான். நின்றவை சாகவும் சாகாமல், வேலையும் செய்யாமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உட்கார்ந்தாலாவது பரவாயில்லை. பக்கத்துச் செல்லுக்கு எரிச்சல் மூட்டும் எதையெதையோ கசியவிட்டு, நன்றாயிருந்ததையும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்கின்றன. எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடியதுதான். மூட்டில் நடந்தால் முழங்கால் வலி. நுரையீரலில் நடந்தால் அது காய்ந்த பஞ்சு மாதிரி இறுகும்.

நீலக்காவின் கணவருக்கு நுரையீரலில் நடந்தது. அவர் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். அறுபத்தொரு வயது. நான்கு மாடி உயரச் சாரத்தில் பீடி பிடித்தபடி நின்றவர், இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிறார்.

முதிர்ந்த செல்களை விரட்டும் புது மருந்து ஒன்றை மருத்துவமனை சோதித்துப் பார்க்க இருந்தது. நுரையீரலிலிருந்து எடுத்த துணுக்கில் நூற்றுக்கு முப்பதாவது நீலமாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே என்றால் இல்லை. திருடனே இல்லாத வீட்டுக்குப் போலீஸ் எதற்கு என்பது அவர்கள் வாதம். வேறு மருந்து எதுவும் பாக்கியில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லும்போது அவர் பேனாவைத்தான் பார்த்தாராம்.

எண்ணுவதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை உண்டு. துணுக்கில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அதே நூறு செல்களை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எண்ண வேண்டும். வித்தியாசம் ஐந்துக்கு மேல் போனால், இருவரும் இரட்டைக் கண் வைத்த மைக்ராஸ்கோப்பில் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். உறவினர் துணுக்கென்று தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

கணவருக்குத் துணுக்கு எடுத்த வாரம் அந்த மருத்துவமனையிலிருந்து வந்தது ஒரே ஒரு துணுக்கு. நீலக்கா ஒதுங்கவில்லை. ஏன் என்று பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். புருஷனுக்கு உதவத்தான் என்றார்கள் சிலர். அப்படியானால் அவர் எழுதிய எண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இருபத்தேழு.

இரண்டாவதாக எண்ணியவருக்கு அந்தக் கூடத்தில் தாராளம் என்று பெயர். அவர் முப்பத்தெட்டு எழுதினார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இது நீலந்தானே அக்கா."

"விளிம்புல மட்டும் லேசா இருக்கு."

"விளிம்பு என்ன பக்கத்து வீட்டுலயா இருக்கு? அதுவும் செல்லுதானே."

நீலக்கா சுவரைக் காட்டினார். 'சந்தேகம் வந்தால் நீலமில்லை' என்று அவர் கையெழுத்தில் ஒரு தாள். ஒருகாலத்தில் வெளிர்நீலத்தையெல்லாம் சேர்த்து எண்ணி, ஒன்றுக்கும் உதவாத மருந்தை ஒரு வருடம் தூக்கிக் கொண்டாடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒட்டிய தாள்.

"எழுதினதும் நீங்கதான். கிழிச்சா யாரு கேக்கப் போறா?"

"அடுத்ததைப் பாரு."

"அக்கா, இது யாரோடதுன்னு தெரியுமா?"

"தெரியாது. உனக்கும் தெரியாது."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மதியம்வரை பார்த்தார்கள். தாராளம் ஒன்றே ஒன்றில் ஜெயித்தார். இருபத்தெட்டு. நீலக்கா கையெழுத்துப் போட்டார். வருத்தமாக இருந்ததா என்று தாராளத்தைக் கேட்டால், "அவங்களுக்கா? சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டாங்க" என்பார். நீலக்காவுக்கு அன்று என்ன சாப்பிட்டார் என்பது நினைவில்லை.

நான்கு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து கணவருக்குப் போன் வந்தது. நீலக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கணவர் சொன்னார்.

"என்னைச் சேக்கலையாம். வயசு பத்தலையாம்." சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமி முடித்து, "இருபத்தெட்டாம். பாஸ் மார்க்கு முப்பது" என்றார்.

"ம்."

"உங்க கூடத்துலதானே எண்ணுவாங்க?"

"ஆமா."

அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து வர்ண அட்டையை எடுத்தார். கடைக்காரர்கள் கொடுப்பது, விசிறி மாதிரி விரியும். நீலம் மட்டும் பதினெட்டுக் கட்டம்.

"எது வரைக்கும் நீலம்னு எண்ணுவீங்க? தொட்டுக் காட்டு."

நீலக்கா நடுவில் ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம்?"

"இல்லைன்னு வைப்போம்."

"அதையும் சேத்திருந்தா?"

"முப்பத்தாறு, முப்பத்தேழு வந்திருக்கும்."

கணவர் அந்தக் கீழ்க்கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதையெல்லாம் நீலமில்லைன்னு சொல்லியிருந்தா எனக்கு ஒருத்தன் வேலை குடுத்திருக்க மாட்டான்" என்றார். பிறகு, "எண்ணினது யாரு?"

"நான்தான்."

ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அட்டையை மடித்தார், ஓரங்கள் சரியாகப் பொருந்தும்வரை விரலால் தட்டினார்.

"நீ செஞ்சது சரின்னு சொல்லுவேன்னு எதிர்பாக்காதே."

"எதிர்பாக்கல."

"தப்புன்னும் சொல்ல வரல. கையைக் குடு. பாத்ரூம் போகணும்."

நீலக்கா கையைக் கொடுத்துத் தூக்கினார். குழாய் காலில் சிக்காமல் பின்னால் பிடித்துக்கொண்டார். பாத்ரூமுக்குப் பதினொரு அடி. நடுவில் இரண்டு முறை நின்றார்கள்.