டாக்டர் செல்வநாதன் பார்த்த என் குடல்

ஞாயிற்றுக்கிழமை காலை கேரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அழைத்தாள். "டீச்சர், நம்ம டாக்டர் போயிட்டாருங்க." எந்த டாக்டர், ஒழுங்காகச் சொல் என்று எரிந்து விழுந்தேன். மறுமுனையில் அவள் அழுதாள். அப்புறம்தான் உறைத்தது. ஊட்டியில் எனக்கு வைத்தியம் பார்த்தவர்கள் பலர். 'நம்ம டாக்டர்' ஒருவர்தான், செல்வநாதன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திசுப் பரிசோதனை மருத்துவரான அவர் நோயாளிகளின் முகத்தைப் பார்த்ததே அபூர்வம். எங்கள் உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்ப்பார். ஆங்கிலத்தில் அச்சான அறிக்கையின் அடியில், நீல மையில், தமிழில் ஒரு வரி எழுதுவார். மருத்துவமனையில் மேலே இருந்தவர்கள் வேண்டாமென்று சொல்லியும் விடவில்லை. "எஸ்டேட்ல லீவு போட்டுட்டு வர்றவங்க, அந்தத் தாள வெச்சுட்டு யாருகிட்டங்க போய் நிப்பாங்க?" என்பார். 'பயப்பட ஒன்றுமில்லை, வெறும் புண்தான்' என்ற வரியை, கூடலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பெருங்குடலில் அழற்சி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர். மூன்று வருடம் ரத்தப்போக்கு, பாடத்தின் நடுவே கழிப்பறைக்கு ஓட்டம். கல்யாணமாகி ஏழு வருடமாகியிருந்தது. குழந்தை வேண்டும், அது ஒன்றுதான் மனசில். நோய் அடங்கி ஆறு மாதமாவது போகட்டும் என்றார் குடல் டாக்டர். ஒருவழியாக ரத்தம் நின்றது. நின்றதும் நான் செய்த காரியம், மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று நானே தீர்ப்பு எழுதி அதை நிறுத்தியதுதான். டீச்சர்களுக்கே உரிய வியாதி அது. யாரையும் கேட்கத் தோன்றாது.

கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுக் கொலனோஸ்கோப்பி செய்தபோது குடல் டாக்டர் திரையைக் காட்டி, "வழவழன்னு இருக்குங்க, புண்ணே தெரியல" என்றார். ஆனாலும் நான்கைந்து இடங்களில் கடுகளவு கிள்ளி, பயாப்ஸிக்கு அனுப்பினார். நான் வீட்டுக்கு வந்து, ஹாலில் எந்த இடத்தில் தொட்டில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாளில் அறிக்கை வந்தது. அடியில் நீல மை: 'கண்ணுக்கு ஆறிவிட்டது. உள்ளே இன்னும் ஆறவில்லை. பொறுத்திருங்கள்.'

பொறுப்பதாவது! தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். "கேமரா வெச்சுப் பாத்தவரு ஒண்ணுமில்லங்கறாரு. இங்க உக்காந்துட்டு நீங்க என்னத்தக் கண்டீங்க?" அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்குப் புள்ள இருந்திருந்தா எங்க அவசரம் தெரிஞ்சிருக்கும்" என்றும் சொன்னேன். அவருக்குக் குழந்தை இல்லையென்று ஊருக்கே தெரியும். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

"ஆமாங்க, எங்களுக்கு இல்லைங்க" என்றார். பிறகு எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். "உக்காருங்க டீச்சர். உங்க குடல்தான், நீங்களே பாருங்க." இளஞ்சிவப்பில் வட்ட வட்டமாகச் சுரப்பிகள் தெரிந்தன. "இந்த வட்டமெல்லாம் சுத்தமா இருக்கோணுங்க. இங்க கரும்புள்ளியா நுழஞ்சிருக்கு பாருங்க, அதெல்லாம் வெள்ளணு. அழற்சி இருக்கற எடத்துக்குத்தான் அது வரும். இதோட விட்டா மறுபடி ரத்தம் போக வாய்ப்பு ஜாஸ்தி. வயித்துல குழந்தைய வெச்சுட்டு அந்தப் பாடு வேண்டாங்க." அப்புறம் கேட்டார்: "மாத்திர சாப்புடறீங்களா?"

அங்கேதான் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவர் திட்டவில்லை. குடல் டாக்டருக்கு அவரே போன் போட்டார். கர்ப்பத்திலும் தொடரக்கூடிய மாத்திரை அது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எட்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டேன். மறுபடி குழாய், மறுபடி துணுக்கு. 'உள்ளேயும் ஆறிவிட்டது' என்று எழுதினார். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் பிறந்த சமயம் ஜிலேபியோடு போய், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அத விடுங்க, பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சீங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மகளோடு காந்தலிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அவளை மடியில் இருத்திக்கொண்டார். "உங்க துண்டோட வந்த சீட்டுல, குழந்தைக்குக் காத்திருக்காங்கன்னு எழுதியிருந்துச்சாமுங்க. ரிப்போர்ட் குடுக்கறதுக்கு முன்னால, அந்தத் துண்ட மறுபடி சீவி, புதுசா ஸ்லைடு போட்டுப் பாத்திருக்காரு. ஊட்டுக்கு வந்து, 'நான் பாத்தது தப்பா இருக்கக் கூடாதான்னு இருந்துச்சு'ன்னாரு. அன்னைக்கு அவருக்குச் சோறே எறங்கல."

நான் பேசிய பேச்சைக் கேட்டபோது அவர் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இந்த வருடச் சோதனையை நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். அவர் வீட்டிலிருந்து நேரே மருத்துவமனைக்குப் போய்த் தேதி வாங்கினேன். பதில் எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் போய்க் கேட்டுவிடுவது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். வருகிற செவ்வாய்க்கிழமை சோதனை. என் துணுக்குகளை இனி வேறு ஒருவர் பார்ப்பார். அவரும் எனக்காக இரக்கப்படட்டும். இரக்கப்பட்டு, உள்ளதை எழுதட்டும்.