சவரிமுத்து அண்ணன் களவெடுக்கவில்லை

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலை ஆட்களின் குரூப்பில் அவருடைய படத்தை யாரோ போட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கெமராவைப் பார்த்துக் கொஞ்சம் முறைப்பு. படத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. பிறந்தநாள் என்று நினைத்து ஒரு கேக் படத்தையும் இரண்டு பலூனையும் அனுப்பிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டேன்.

மகள்தான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, என்ன அனுப்பியிருக்கீங்க? கீழ வாசிக்கலையா?"

வாசித்தேன். காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது ஐம்பத்தாறு.

நான் கேக்கை அழிப்பதற்குள் குரூப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். நம்ம ட்ரையர்காரன்தானே, எதையும் வாசிக்க மாட்டான் என்று விட்டிருப்பார்கள். அது என் பழைய வியாதி. அந்த வியாதியால் சவரி அண்ணனுக்கு என்ன நடந்தது என்பதை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சலி எழுதும்போது மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அமைதி இல்லை. கோபம்தான் இருக்கிறது. அதில் பாதி என்மேல்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தொழிற்சாலையில் சவரி அண்ணன் இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவர். நான் தேயிலை காய்கிற ட்ரையரில் நிற்பவன். நான் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் கணக்கைத் தாண்டாதவன். அவரை மடக்கியது ஆங்கிலம். நான் கணக்கை அத்தோடு மன்னித்துவிட்டேன். அவர் ஆங்கிலத்தை விடவில்லை. மெஷினோடு வருகிற புத்தகங்களை அகராதியை வைத்து வரி வரியாக வாசித்தார். "இங்கிலீஷ்ல பேச வராது தம்பி. ஆனா இங்கிலீஷ்ல என்னை ஏமாத்த முடியாது" என்பார்.

தேத்தண்ணி நேரத்தில் பேப்பரில் வரும் கம்ப்யூட்டர் செய்திகளை எங்களுக்கு வாசித்துக் காட்டி, அந்தக் கம்பனிகளை அங்கேயே வைத்து ஏசுவார். ஒருநாள் நான் ஃபோனில் டோர்ச் லைட்டுக்கு ஏதோ ஓர் ஆப்பை இறக்கி, கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஃபோனைப் பிடுங்கினார்.

"டோர்ச் அடிக்க உன் மச்சான் நம்பர் எதுக்கு?"

"மச்சானுக்கும் வெளிச்சம் வேணும்தானேண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் செயற்கை அறிவு பற்றிய செய்தி. "உலகத்துல உள்ள புத்தகம், பாட்டு, படம் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயி மெஷினுக்கு ஊட்டுறான். எழுதுனவன் போயி கேட்டா, களவு இல்லீங்க, மெஷின் படிக்குதுங்கிறான். அதே ஆளு செஞ்ச புரோகிராமை நீ ஒரு கொப்பி எடுத்துப் பாரு, வக்கீல் கடுதாசி வரும்" என்றார். நமக்கு என்ன அண்ணே, நம்மிடம் அள்ளிக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று கேட்டேன். பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கலர் சோட்டர் வந்தது. காய்ந்த தேயிலைக்குள் கிடக்கும் காம்பையும் நாரையும் கெமராவால் பார்த்து, காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின் அது. கொழும்பில் உள்ள ஒரு ஏஜென்ட் மூலம் வந்தது. மாதா மாதம் ஏஜென்ட் தருகிற லைசன்ஸ் இலக்கத்தை அடித்தால்தான் ஓடும். திரையில் எல்லாம் ஆங்கிலம். மெஷினில் நிற்பவர்களோ எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள். சிங்களத்தில் நன்றாகப் பேசுவார்கள். அவர்களுக்கும் ஆங்கிலத்துக்கும் அறிமுகமே கிடையாது.

மூன்றாம் மாதம் அவர்களில் புஷ்பாவின் வலது கை மோதிர விரல் நுனி போயிற்று. உள்ளே தூசு தட்டக் கையை விட்டிருக்கிறார். கண்ணாடியைத் துடைக்கும் பிரஷ் தானாக ஓடி விரலை நசுக்கிவிட்டது. திரையில் எச்சரிக்கை வந்ததே, பார்க்கவில்லையா என்று தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் அவரையே திட்டினார்.

"சிவப்பா எரிஞ்சிச்சுங்க. என்னமோ எழுதியிருந்திச்சு. எப்பவும் என்னமோ எழுதிக்கிட்டுத்தானே இருக்கு" என்றார் புஷ்பா.

அன்று சவரி அண்ணன் மெஷின் புத்தகத்தின் பின்னால் இருந்த லைசன்ஸ் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்தொன்பது பக்கம். இரண்டு நாள் எடுத்தது. "எதையும் மாத்தக்கூடாதுன்னு மூணு எடத்துல போட்டிருக்கான். விரல் போனா யாரு பொறுப்புன்னு தேடுனேன். நாங்க பொறுப்பில்லைன்னு நாலு எடத்துல போட்டிருக்கான்" என்றார்.

சட்டம் தெரியாமல் செய்தார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். பொய். தெரிந்துகொண்டு, முதலில் முறையாகத்தான் கேட்டார். திரையில் தமிழும் சிங்களமும் போட்டுத் தாருங்கள், சொற்களை நானே இலவசமாக எழுதித் தருகிறேன் என்று டீமேக்கர் மூலம் இரண்டு முறை ஏஜென்ட்டுக்கு எழுதினார். உங்கள் பகுதிக்கு அந்த வசதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் நிற்கிற நேரம், அதன் பின்மூடியைக் கழற்றி மெமரி கார்டை எடுத்தார். டோர்ச் பிடித்தவன் நான். திரையில் வருகிற சொற்கள் அதில் தனியாக இருந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து மூன்று ஞாயிறு வேலை செய்தார். முதல் முறை தமிழ் எழுத்துகளின் கொம்பெல்லாம் இடம் மாறி நின்றன. பிறகு ஒவ்வொரு சொல்லையும் சின்னப் படமாகச் செய்து ஏற்றினார். சிங்களத்துக்கு, எங்களோடு வேலை செய்கிற சிங்களத் தங்கை குசுமா நங்கி உதவினார். "தூள் விடு." "காம்பு கூடுது." "காத்து போதாது." எல்லாம் நாங்கள் பேசுகிற பேச்சு. எச்சரிக்கை மட்டும் பெரிதாக, சிவப்பில் வரும்:

"அக்கா, கையை உள்ள போடாதீங்க. கண்ணாடி தொடைக்குது."

"மெஷின் அக்கான்னு கூப்பிடுமாண்ணே?" என்று கேட்டேன்.

"பின்ன எப்பிடி கூப்பிடணும்? எந்த ஷிஃப்ட்டுலயும் பொம்பளையாளுகதானே நிக்குது. ஏய்னு கூப்பிடவா?"

முதல் நாள் பெண்கள் மெஷினைச் சுற்றி நின்று சிரித்த சிரிப்பு ட்ரையர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "தொரைக்கும் இந்தக் கார்டை ஒண்ணு போட்டு விடுங்கண்ணே" என்றார் புஷ்பா. அதற்குப் பிறகு அந்த மெஷினில் ஒரு நகம்கூடப் பெயரவில்லை. இதை எந்த விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஏஜென்ட்டின் சர்வீஸ்காரப் பையன் வந்தான். திரையைப் பார்த்தான், ஒவ்வொரு சொல்லாகப் படம் எடுத்தான், யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டான். சவரி அண்ணன் ஒளிக்கவில்லை. "மம" என்றார், நான்தான் என்று. சரியாக இரண்டு கிழமையில், பதினாலாம் நாள், ஏஜென்ட்டின் வக்கீல் கடிதம் வந்தது. லைசன்ஸ் மீறல், பதிப்புரிமை மீறல், அடுத்த மாத இலக்கம் தரமாட்டோம். இலக்கம் வராவிட்டால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் தோட்டத்து மேனேஜர் தொரைக்குக் கொழும்பிலிருந்து ஃபோன் வரும். அதனால் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

டீமேக்கர் என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார். மேசையில் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாள்.

"நீ டோர்ச் பிடிச்சதா ஒரு கதை இருக்கு. அது இதுல இல்லை. கையெழுத்துப் போடு."

"என்ன எழுதியிருக்குங்க சார்?"

"கார்டைக் கழட்டுனதைப் பார்த்தேன்னு. பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்ப போடு."

போட்டேன். எனக்குப் படிப்பு வராது, கையெழுத்து மட்டும் அழகாக வரும். கீழே ஒரு சுழி, இரண்டு புள்ளி. எங்கள் பாட்டன் கைநாட்டு வைத்தார், நான் சுழி போடுகிறேன். அவ்வளவுதான் நாங்கள் முன்னேறியது.

பத்தாம் நாள் சவரி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மெஷினில் பழையபடி ஆங்கிலக் கார்டைப் போட்டார்கள். அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். விசாரணைத் தாள்களின் கொப்பி கையில் இருந்தது. என்னிடம் தரவில்லை. ஏ.எல். படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் கொடுத்தார். "மகள், அப்பா என்னா சொல்லியிருக்காருன்னு கொஞ்சம் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க."

அவள் வாசித்தாள். கார்டைக் கழற்றியது, வீட்டுக்குக் கொண்டுபோனது. பிறகு ஒரு வரியில் நின்றாள். "அந்த மென்பொருளைக் கொப்பி எடுத்து வெளியாளுக்கு விற்றதாக அவரே என்னிடம் கூறினார்." மகள் என்னைப் பார்த்தாள். "இப்பிடியா சொன்னீங்க அப்பா?"

நான் சொல்லவில்லை. யாரோ எழுதினார்கள். ஆனால் அடியில் சுழியும் இரண்டு புள்ளியும் இருந்தன.

சவரி அண்ணன் சத்தம் போடவில்லை. என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வேலை திரும்ப வேணாம் தம்பி. கார்டைக் கழட்டுனேன், சொல்லை மாத்துனேன். அதுக்கு நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும். களவுங்கிறதை மட்டும் எடுத்துக் குடு. நான் அப்பிடிச் சொல்லலைன்னு ஒரு கடுதாசி. போதும்."

நாளைக்கே தருகிறேன் என்றேன். நாளைக்குக் கொடுக்கவில்லை. மகளின் பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு எங்கள் லயத்துக் கூரைக்குத் தோட்டத்து ஒபிசிலிருந்து தகரம் வரவேண்டியிருந்தது; அது வரட்டும் என்றேன். தகரம் வந்தது. தீபாவளி வந்தது. இப்படி இரண்டு வருடம். கொழும்பு வக்கீல்களை ஏசுவது எனக்கு லேசு. அவர்களாவது சொன்ன தேதியில் கடிதம் அனுப்பினார்கள்.

அவர் யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு சின்ன அறை எடுத்து ஃபோன், ரேடியோ திருத்தினார். ருவான்வெல்லைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன் வேலைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் ஒபிசில் அவர் ஃபைலைப் பற்றி விசாரித்தார்கள். பிறகு கூப்பிடவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் கலர் சோட்டருக்குப் புது வெர்ஷன் போட்டார்கள். இப்போது தமிழும் இருக்கிறது, தனியாகக் காசு கட்டி எடுத்த வசதி என்று சர்வீஸ்காரன் பெருமையாகச் சொன்னான். சற்று நேரத்தில் புஷ்பா என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, இங்க வந்து பாருங்க. சவரி அண்ணன் பேசுறாரு."

அழகான எழுத்தில், சிவப்பில்: "அக்கா, கையை உள்ள போடாதீங்க. கண்ணாடி தொடைக்குது." தூள் விடு, காம்பு கூடுது, காத்து போதாது, ஒன்றும் மாறவில்லை. கொழும்பில் எந்த மொழிபெயர்ப்பாளர் மெஷின் திரையில் அக்கா என்று எழுதுவார்? அடியில் பொடி ஆங்கிலத்தில் ஒரு வரி. அன்றைக்கு அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். எல்லா உரிமையும் கம்பனிக்கே, கொப்பி எடுப்பது குற்றம்.

படம் எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். அவர் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். அடி வரிக்கு வந்ததும் ஈயம் பற்றவைக்கக் கையில் வைத்திருந்த பற்றாசுக்கோலைக் கீழே வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"நான் எடுத்தா களவு, அவன் எடுத்தா புது வெர்ஷன். சொல்லு தம்பி, எந்தக் கோர்ட்டுல போயி சொல்றது? என் தமிழை என்கிட்ட இருந்து எடுத்து, அதுக்கு மேல அவன் பூட்டைப் போட்டு, சாவியை எங்க தோட்டத்துக்கே விக்கிறான்."

"நிப்பாட்டச் சொல்லி எழுதுவமாண்ணே?"

"அதை மட்டும் செய்யாத. எல்லாத் தோட்டத்துக்கும் போகட்டும். எவளோ ஒருத்திக்கு விரல் மிஞ்சும்." பற்றாசுக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "நான் வித்தேன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க. விக்கிற ஆளா இருந்தா என் தமிழை அவனுக்கே வித்திருக்க மாட்டேனா? அந்தக் கடுதாசி எங்க?"

"இந்த மாசம்ண்ணே."

அந்த மாதமும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

மரண வீட்டுக்குத் தொழிற்சாலையிலிருந்து மலர்வளையம் வந்தது. டீமேக்கரே கொண்டுவந்து வைத்தார். "நேர்மையான உழைப்பாளிக்கு" என்று ரிப்பனில் அச்சடித்திருந்தது. அதை வாசித்தபோது எனக்குப் பற்றி எரிந்தது. ஒரே ஒபிஸ், ஒரே டைப்ரைட்டிங்காரன். ரிப்பனில் நேர்மை, ஃபைலில் களவு. வளையம் நாளைக்கு வாடிவிடும்.

மறுநாள் மகளை வைத்துக்கொண்டு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி. டோர்ச்சையும் விடவில்லை. டீமேக்கர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஆளே போயிட்டாரு. இப்ப எதுக்குப்பா இது?"

"ஆளுதான் சார் போனாரு. ஃபைல் அலுமாரியில இருக்கு."

"டோர்ச் பிடிச்சேன்னு வேற எழுதியிருக்க. ஒனக்குப் பைத்தியமா?"

"பிடிச்சேனே சார்."

வாங்க மறுத்தார். பதிவுத் தபாலில் தொரைக்கு ஒன்று, கேகாலைத் தொழில் அலுவலகத்துக்கு ஒன்று, ஏஜென்ட்டுக்கு ஒன்று அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. என்னை ட்ரையரிலிருந்து எடுத்துக் கொழுந்து மூட்டை இறக்கப் போட்டிருக்கிறார்கள். என் தொந்திக்கு இந்த மருந்தைத்தான் டொக்டர் பத்து வருடமாகச் சொல்கிறார் என்கிறாள் மனைவி.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சவரி அண்ணன் வீட்டில் சாப்பாடு. கடிதத்தின் கொப்பியை அவர் மனைவி ரெஜினா அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"ரெண்டு வருஷமா அவரு கேட்டது இதைத்தான். எல்லாருக்கும் கேக்குற மாதிரி நின்னு வாசிங்க."

முற்றத்தில் தொழிற்சாலை ஆட்கள், பஜார்க்காரர்கள், புஷ்பா, குசுமா நங்கி எல்லோரும் இருந்தார்கள். நின்று வாசித்தேன். குரல் நடுங்கியது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் ஆகவில்லை. தடுமாறாமல் வாசித்தேன். முழுதும் வாசிக்க ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இதற்குத்தான் அந்த மனிதர் இரண்டு வருடம் காத்திருந்தார்.

ரெஜினா அக்கா இலை போடச் சொன்னார். எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டு, எனக்குக் கடைசியாகச் சோறு வைத்தார். அது சரிதான்.

அண்ணே, நீங்கள் எதையும் விற்கவில்லை. அந்தத் தாளில் இருந்தது பொய். அதன் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது. அலுமாரியைத் திறக்கும்வரை நான் விடப்போவதில்லை. நீங்கள் போய் வாருங்கள்.