மூடுபனியில் அசைந்த கை

பொன்னுத்தாய் அக்கா போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய மகன்தான் போனில் சொன்னான். பீர்மேட்டில் பள்ளி வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "சரிப்பா" என்றேன். அக்காவோடு தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் இந்தத் தோட்டத்தில் இன்னும் பலர் இருக்கிறீர்கள். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி நான். எங்கள் சண்டையும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

என் கணவர் கம்பத்துக்கு வேலை தேடிப் புறப்பட்ட காலையில் எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. என்னிடம் பேசாமலே போய் பஸ் ஏறினார். மனம் கேட்காமல் பின்னால் ஓடினேன்; அக்காவும் கூடவே வந்தார். வளைவில் பஸ் திரும்பும்போது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து அசைந்தது. கம்பத்திலிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை. கோபம் தீர்ந்துதான் போனார் என்று நம்புவதற்கு எனக்கு அந்தக் கையை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

அது என் கணவரின் கை என்பதை அக்கா கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். "பின்னால ஜீப்பு வந்துச்சுடி. முந்தாதேன்னு கண்டக்டர் கை காட்டுனாரு. மஞ்சு மூடிக் கெடந்த நேரத்துல ஒனக்கு மட்டும் ஆளு தெரிஞ்சுச்சாக்கும்?" என்பார். மூடுபனி நாளில் கண்டக்டர் அப்படிக் கை நீட்டுவது எங்கள் மலைப்பாதையில் வழக்கம்தான். ஆனாலும் கையிலிருந்த கடிகாரத்தைக்கூடப் பார்த்தேன் என்று சாதிப்பேன். "போன வருசம் நீ சொன்னப்பகூட கடியாரம் இல்லையே. இப்ப நீயே கட்டி விட்டுட்டியா?" என்பார்.

அவர் மட்டும் என்ன? ஹாரன் சத்தத்தை வைத்தே, வருவது மகனுடைய வேன் என்று அடித்துச் சொல்வார். கோயம்புத்தூரில் வேன் ஓட்டும் மகன் வருவது அபூர்வம். ஒருமுறை சுக்குக் காப்பியோடு ரோட்டுக்கே போய் நின்றார். இறங்கியது யாரோ ஒருவர். காப்பியை அவருக்கே கொடுத்துவிட்டு வந்து, "சத்தம் அவன் வண்டிதான். ஆளுதான் மாறிப்போச்சு" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டார். "கை காட்டுனது ஒம் புருசந்தான்டி. நானும் பாத்தேன்" என்றார். இத்தனை வருடம் அவர் வாயால் கேட்க ஏங்கிய சொல். அக்கா இனி வீடு திரும்ப மாட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தச் சம்மதத்தை அவரோடே அனுப்பிவிட்டேன். அவருடைய "இல்லடி"யை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் மறுத்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. நேற்று அடுப்படியில் நின்று, "அவருதான் கை காட்டுனாரு" என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து பதில் இல்லை.

அது கண்டக்டராகவும் இருந்திருக்கலாம், அக்கா.