வரிக்கு ஒரு பலகாரம்

போன தை மாதம் கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. காரைக்குடியில் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் சிட்டை எழுதுவது என் வேலை. எந்த வேளைக்கு என்ன பலகாரம், அதில் என்னென்ன சேரும் என்று நான் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் மாஸ்டர் அடுப்பைப் பற்றவைப்பார்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒரே பத்தியாக எழுதுவேன். ஒரு கல்யாணத்தில் அந்த நெரிசலுக்குள் பால் பணியாரம் மாஸ்டர் கண்ணிலேயே படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அதிலிருந்து வரிக்கு ஒன்றுதான். கடைசி இரண்டைக்கூட ‘மற்றும்’ போட்டு ஒட்ட மாட்டேன். “ஒனக்குத் தாள் வாங்கியே நான் ஓஞ்சு போவேன்” என்று முதலாளி அண்ணன் கேலி செய்வார்.

அன்று எங்களுக்கு இரண்டு கல்யாணம். நான் கொத்தமங்கலத்தில் நின்றேன். கண்டனூருக்கு முதலாளியோடு என் சிட்டை மட்டும் போயிருந்தது. அங்கே பெண்ணின் அக்கா மகளுக்கு நாலு வயது. முந்திரி துளி சேர்ந்தாலும் மூச்சு முட்டும். அவள் அம்மா சொல்லி, மாஸ்டரிடமும் முதலாளியிடமும் நான் வாயாலும் சொல்லியிருந்தேன். காலை எட்டு மணிக்குத்தான் சேதி வந்தது: மாஸ்டருக்குக் காய்ச்சல், காளையார்கோவிலிலிருந்து வேறு ஆள் வந்து சமைக்கிறாராம். போன் போட்டேன். மேளச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். சிட்டையில் எழுதியிருந்தேன்தான், ஆனால் புது ஆள் அதைப் படித்தாரோ என்னவோ.

போய்ச் சேர்ந்தால் பந்தி நடக்கிறது. அந்தக் குழந்தை குருமாவைத் தொட்டு இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சமையல்கட்டுக்குள் ஓடிப்போய், “குருமாவுல முந்திரி அரைச்சீகளா?” என்று கேட்டேன்.

புது மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த என் சிட்டையைக் காட்டினார். மஞ்சள் கறை படிந்த தாளில் ஒவ்வொரு வரிக்கும் டிக். ‘முந்திரி எதிலும் கூடாது, குழந்தைக்கு ஆகாது’ என்ற வரியைச் சுற்றி வட்டமே போட்டிருந்தார்.

“நீங்கதான் எழுதுனீகளா? யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலை ஆத்தா. வரி வரியாப் படிச்சேன், அப்படியே செஞ்சேன்” என்றார்.

பக்கத்தில் நின்ற முதலாளி அண்ணனுக்கு முகமே மாறிப்போனது. “பிள்ளை விசயம் எனக்கு மறந்தே போச்சு” என்று மெதுவாகச் சொன்னார். மறுநாள் ஒரு கட்டுத் தாளை அவரே வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார்.

எனக்கு அத்தனை பேருக்குச் சமைக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் குழந்தை வயிறாரச் சாப்பிட்டு எழுந்ததில் என் கையெழுத்துக்கும் பங்குண்டு என்று நினைத்தால், இன்றைக்கும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.