தாளாளர் கையெழுத்து

வாடிப்பட்டிக்கு அருகே, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் உயிரியல் ஆசிரியை ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நிரப்ப அனுமதி கேட்டு மூன்று முறை எழுதினேன். ‘நிதிநிலையைக் கருத்தில் கொண்டு தற்போது பரிசீலிக்க இயலாது’ என்று மூன்று முறையும் பதில் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. உயிரியல் பிரிவை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஆசிரியர் இல்லாத பாடம் தானாகவே மூடிக்கொள்ளும். மூடியதற்கான காகிதத்தை மட்டும் பள்ளி தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

அந்தக் காகிதத்துக்கு விருப்பக் கடிதம் என்று பெயர். பிளஸ் ஒன்னில் உயிரியல் கேட்டிருந்த ஏழு மாணவிகளை உட்காரவைத்து, ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில் வணிகவியல் பிரிவில் சேர்த்துக்கொள்ளுமாறு’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். எல்லோரும் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். கடிதங்களை வாங்கிப் பார்த்த எங்கள் எழுத்தர் சிரித்தார்.

“என்ன சார், ஏழு பேருக்கும் ஒரே நேரத்துல மனசு மாறிருச்சா? ஆடிட்ல சிரிப்பாய்ங்க சார். ஆளுக்கொரு காரணம் போட்டு விடுங்க.”

நல்ல யோசனை. ஒருத்திக்குக் குடும்பச் சூழ்நிலை, ஒருத்திக்கு உடல்நலம், ஒருத்திக்கு வங்கி வேலையில் ஆர்வம் என்று பங்கிட்டுக் கொடுத்தேன். கடைசியாக இருந்தவளுக்குக் கொடுக்கக் காரணம் தீர்ந்துபோனது. பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியிலேயே அறிவியலில் அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள். ‘உயிரியல் பாடம் எனக்குக் கடினமாக இருப்பதால்’ என்று எழுதச் சொன்னேன். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

அடுத்த நாள், புதன்கிழமை, அவளுடைய அம்மா வந்தார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர்.

“காளவாசல் பக்கம் ஒரு பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடத்துல பயாலஜி இருக்காம் சார். ஒரு எடம் இருக்கு, வெள்ளிக்கிழம மத்தியானம் வரைக்கும்தேன் வச்சிருப்போம்னாக. இவ நர்சுக்குத்தேன் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. டிசியக் குடுத்துருங்க சார்.”

மாற்றுச் சான்றிதழுக்கு வேண்டியவை என் கையெழுத்தும் பள்ளி முத்திரையும்தான். பேனாவும் முத்திரையும் என் மேசைமேல் இருந்தன. ஆனால் இவள் போனால் மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு பள்ளி தேடிப் பின்னாலேயே போவார்கள். எத்தனை ஆசிரியர்கள் தேவை என்று முடிவுசெய்ய ஆகஸ்டில் மாணவர் தலைகளை எண்ணும்போது கணக்குக் குறையும். வணிகவியல் ஆசிரியரும் உபரி என்று வேறு ஊருக்கு அனுப்பப்படுவார். இதை அந்த அம்மாவிடம் உள்ளபடி சொல்லியிருந்தால் என் பக்கம் கொஞ்சமாவது நியாயம் இருந்திருக்கும்.

“தாளாளர் கையெழுத்துப் போடணும்மா. அவர் ஊர்ல இல்ல, நாளைக்கு வாங்க” என்றேன்.

முப்பத்தைந்து வருடச் சேவையில் நான் படிக்காத அரசாணை இல்லை. அப்படி ஒரு விதி எதிலும் கிடையாது.

வியாழக்கிழமை வந்தார். தாளாளர் பக்கத்துக் கட்டடத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் வரவில்லை என்றேன்.

“உங்க தாளாளரப் பிடிக்கிறதுக்கு எங்க மொதலாளியப் பிடிச்சிறலாம் போலருக்கே சார்! லீவு கேட்டா அம்புட்டு மொறைக்கிறாக” என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சான்றிதழைக் கையில் கொடுத்தேன். மதியத்தோடு அந்த இடம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். போயிருந்தது.

என் பிரிவு உபசார விழாவில் வணிகவியல் ஆசிரியர் பேசினார். நான் பொறுப்பில் இருந்தவரை வேறு ஒரு பணியிடம்கூடப் பறிபோகவில்லை என்று சொல்லிக் கண் கலங்கினார். நான் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

அன்று மேடையில் என் மனதில் ஓடியது, அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைதான். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கேயே சேர அவள் தனியாக வந்தாள். நடைமுறைப்படி சிவப்பு மையில் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் போகாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், இதுல தாளாளர் கையெழுத்து எங்க சார் இருக்கு?”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தனக்குத்தான் கண்ணில் படவில்லையோ என்று தேடுகிற குரல். தாளைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

“மணி அடிச்சிருச்சு, வகுப்புக்குப் போம்மா” என்றேன்.

மணி அடிக்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. சுவர்க் கடிகாரம் எனக்குப் பின்னால், அவள் பார்வைக்கு நேராக இருந்தது.

“சரிங்க சார்” என்று தாளை மேசைமேல் வைத்துவிட்டு வணிகவியல் வகுப்புக்குப் போனாள்.