வீடு மாதிரி இருக்கும்

சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு காதர்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ்: "பனியன் பிசிறு வெட்ட ஆள் தேவை. தங்க இடம் உண்டு. வீடு மாதிரி இருக்கும்."

கடைசி வரியைப் படித்ததும் அக்கா ஞாபகம் வந்தது. அம்மா கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளைக் கொண்டுவந்து வீட்டில்தான் தையலில் நீட்டி நிற்கும் நூல் பிசிறு வெட்டுவாள். அந்தப் புதுத்துணி வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து, பாடத்தில் எது உண்மை, எது கருத்து என்று அக்கா கோடு போடுவாள். அம்மா பேசுவதையும் அப்படிப் பிரிக்காமல் விடமாட்டாள்.

"நம்மூடு ஒத்த ரூமுதான்," என்றாள் அம்மா ஒருநாள்.

"அது உண்மைங்கம்மா."

"ஆனா நம்மூடு மாதிரி வருமா?"

"அது கருத்துங்க. ஆளுக்கு ஆளு மாறும்."

"ஏங்கண்ணு, வெளிய நாலு எடத்துல படுத்து எந்திரிச்சுட்டு வந்து சொல்லு," என்று சிரித்தாள் அம்மா. கத்தரி நிற்கவில்லை.

அக்கா கல்யாணமாகிப் போன ஊரிலேயே இருக்கிறாள். நாலு இடத்துக்கு மேல் படுத்து எழுந்தவன் நான்தான். அம்மா சொன்னது உண்மை. அதைப் போய்ச் சொல்ல அம்மா இல்லை.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியில் கத்தரி வாங்கிக்கொண்டு பனியன் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். வீடு மாதிரி இல்லை. துணி வாசம் மட்டும் அதேதான்.