மனேவ்ரும் ஒரு மாடிப்படியும்

பிரெஞ்சுச் சொற்களுக்கு நல்ல தமிழ் தேடுவது என் ஓய்வுக்காலப் பழக்கம். அந்த மழைக்காலம் முழுவதும் ‘மனேவ்ர்’ என்னும் ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். படையையோ கலத்தையோ திறம்பட நகர்த்துதல் என்பது அதன் பொருள். ‘சூழ்ச்சி’ என்று எழுதி அடித்தேன். ஆழ்ந்து எண்ணுதல் என்னும் பழம்பொருளை இழந்த அச்சொல்லில் இன்று வஞ்சக வாடைதான் வீசுகிறது.

பக்கத்து அறையில் என் மனைவி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். கதிர்காமத்து மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் மாடியை விட்டு இறங்கவேயில்லை. நெல்லித்தோப்பில் எங்கள் சன்னலுக்குக் கடல் தெரியாது. சில மாலைகளில் மட்டும் உப்புக்காற்று வழிதவறியதுபோல் உள்ளே வரும். அவள் கண்களை மூடிக்கொள்வாள்.

“கடலப் பாக்காம இந்தக் காலு தரையில ஊனாதுங்க,” என்றாள் ஒருநாள்.

எதிர்வீட்டுச் சொல்தாவிடம் சொன்னேன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊர் அப்படித்தான் அழைக்கும். மறுநாள் மாலையே வந்துவிட்டார். அவளை நாற்காலியில் அமர்த்தி, கீழ்ப்புறம் அவரும் மேற்புறம் என் மருமகனும் தூக்கினர். படி திரும்பும் இடத்தில் கட்டுப்போட்ட கால் சுவரில் முட்டிற்று.

“கோஷ்! கோஷ்!” என்று சொல்தா ஆணையிட்டார். இடப்பக்கம் என்று பொருள். அவருடைய இடப்பக்கம் எதிரே நின்ற மருமகனுக்கு வலப்பக்கம். இருவரும் ஆளுக்கொரு திசையில் இழுத்தனர்.

“யாரு கோஷ் அண்ணே? உங்க கோஷா, மாப்ள கோஷா?”

“பேசாத தங்கச்சி. இது மனேவ்ர்.”

“பேசாம இருந்தா கடலுக்குப் போவ மாட்டேன், திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். கீழ வைங்க மொதல்ல!”

வைத்தார்கள். அவள் சுவரில் உள்ளங்கையை ஊன்றி மெல்லத் தள்ளினாள். நாற்காலி ஒரு படகைப்போல் தன் போக்கில் திரும்பிற்று. கால் கைப்பிடிச் சுவரின் மேலாக விலகி வந்தது.

அப்போதுதான் அச்சொல்லின் பிறப்பு நினைவில் எழுந்தது. இலத்தீனில் அது கையால் வேலை செய்தல் என்னும் பொருளோடு தொடங்கிற்று. பின்பு கப்பற் கயிறுகளைக் கையாளுதல். படை நகர்வெல்லாம் அதற்கும் பின்பு வந்தவை. நான் கடைசிப் பொருளிலேயே இத்தனை நாள் காத்திருந்திருக்கிறேன்.

மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வண்டிகளை விடுவதில்லை. ஆட்டோ முனையிலேயே நின்றது, மறுபடியும் தூக்கினோம். இம்முறை ஆணையிட்டவள் அவளே. வைத்திக்குப்பத்துப் பக்கம் படகுகள் மங்கலாகத் தெரிந்தன. வானும் நீரும் ஒரே சாம்பல் நிறம்.

“வார்த்த கெடச்சுதா?” என்று கேட்டாள்.

“கெடச்சுது, ‘கையாளுதல்’. வீட்டுக்குப் போய் எழுதணும்.”

“மெதுவாப் போலாம்.”

கட்டுக்கு வெளியே தெரிந்த அவள் கால்விரல்கள் ஈரக்காற்றில் ஒவ்வொன்றாய் அசைந்தன.